ராஜாஜி பெயருக்கு முன்னால் இருக்கும் ‘சி’ யாருடையது?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்ப உட்கார்ந்தால் ஆரம்பத்திலேயே ஒரு கட்டம் வந்து நிற்கும். சர்நேம். மத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தாலும் சரி, ஓசூர் ரூமில் உட்கார்ந்து போனில் நிரப்பினாலும் சரி, நம்ம ஊர்க்காரர்களுக்குக் கை நிற்கும் இடம் அதுதான். அப்பா பெயரைப் போடுவதா, இனிஷியலை மட்டும் போடுவதா, காலியாக விடுவதா? கம்பெனியில் புதிதாகச் சேரும்போது வடக்கத்தி எச்.ஆர். இதையே கேட்பார். சர்நேம் இல்லை என்று சொன்னால், அது எப்படி இல்லாமல் இருக்கும் என்கிற மாதிரி பார்ப்பார்.

ஆனால் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்கு சர்நேம் இருந்தது. அது அவர் பெயருக்கு முன்னால், ஒரே ஒரு எழுத்தாக ஒளிந்துகொண்டிருந்தது. நாம் எல்லோரும் அதை அப்பாவின் இனிஷியல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் சி. ராஜகோபாலாச்சாரி. சுருக்கமாக ராஜாஜி. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், சென்னை மாகாணத்தின் முதல்வர், எழுத்தாளர் என்று அவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். இங்கே அவருடைய வாழ்க்கையை அவர் பெயரின் வழியாகப் பார்க்கலாம். ஏன்னா அந்தப் பெயரின் ஒவ்வொரு துண்டும் ஒரு காலத்தில் அவருக்கு உதவியிருக்கிறது, இல்லையென்றால் அவரைப் பதம் பார்த்திருக்கிறது.

தொரப்பள்ளியில் ஒரு கிராம முன்சீப் வீடு

1878 டிசம்பரில், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி கிராமத்தில் ராஜாஜி பிறந்தார். அந்த வீடு இன்றைக்கும் அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. ஓசூரில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அப்பா வெங்கடார்ய ஐயங்கார், கிராம முன்சீப். அம்மா சிங்காரம்மாள்.

கவனியுங்க, அப்பா பெயர் ‘வெ’யில் தொடங்குகிறது. நம்ம வழக்கப்படி மகன் வெ. ராஜகோபாலாச்சாரியாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லை. ‘சி’ என்பது சக்கரவர்த்தி. அது அப்பாவின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பப் பெயர். அப்பாவும் சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார்தான்.

இந்த மண்ணில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர் ஓசூர். தெலுங்குக் குடும்பங்களில் ‘இண்டி பேரு’ என்று ஒன்று உண்டு. வீட்டுப் பெயர். அது பெயருக்கு முன்னால் வரும், எத்தனை தலைமுறை போனாலும் மாறாது. கன்னடக்காரர்களில் பலர் ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் முன்னால் வைப்பார்கள். முன்னாள் பிரதமர் எச்.டி. தேவகவுடாவின் ‘எச்’ அவருடைய ஊரான ஹரதனஹள்ளி, ‘டி’ அவருடைய அப்பா தொட்டேகவுடா. நம்ம தமிழ் வழக்கத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் மட்டும். ஆக, ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரின் முதல் எழுத்து மூன்று விஷயத்தைச் சொல்லும்.

சக்கரவர்த்தி என்றால் என்ன? பேரரசன் என்பது பொதுவான பொருள். தன் சக்கரம் தடையில்லாமல் எங்கும் உருளக்கூடியவன் என்று வேர்ச்சொல்லை விரித்துச் சொல்வார்கள். வங்காளத்தில் சக்ரவர்த்தி என்பது பிராமணர்களிடையே மிகவும் பரவலான சர்நேம். அதே சொல்தான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் உறவு கிடையாது.

இந்தக் குடும்பத்தின் முழுப் பெயர் நல்லான் சக்கரவர்த்தி. அதற்கு வைணவ மரபில் ஒரு கதை இருக்கிறது. வரலாறு இல்லை, குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தது. ஆற்றில் ஓர் உடல் மிதந்து வருகிறது. யாருடையது என்று தெரியாது, என்ன சாதி என்றும் தெரியாது. தாழ்த்தப்பட்டவராக இருக்கலாம் என்று யாரும் தொடவில்லை. இந்தக் குடும்பத்து முன்னோர் ஒருவர் அதை எடுத்து, சொந்தக்காரருக்குச் செய்வதுபோல் இறுதிச் சடங்கு செய்கிறார். ஊர் அவரைத் தள்ளி வைக்கிறது. அப்போது கோயிலில் பெருமாளே, ஊருக்கு இவன் கெட்டவனாக இருக்கலாம், எனக்கு நல்லவன் என்ற பொருளில் சொன்னதாகக் கதை. அன்றிலிருந்து நல்லான்.

ஒரு குடும்பப் பெயருக்குள் சாதி விலக்கை மீறிய ஒருவரின் ஞாபகம் இருக்கிறது. அதே மனிதரின் பெயருக்குப் பின்னால் சாதியைச் சொல்லும் விகுதியும் இருந்தது. ராஜாஜியின் வாழ்க்கை முழுக்க இந்த முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தன.

பின்னால் வந்த ‘ஆச்சாரி’

ராஜகோபாலன் என்பது கண்ணனின் பெயர். மன்னார்குடிக் கோயிலில் இருக்கும் பெருமாளுக்கு அந்தப் பெயர்தான். அதோடு சேர்ந்த ‘ஆச்சாரி’, ஆச்சார்யர் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆசான் என்று பொருள். வைணவ பிராமணர்களில் சிலர் ஐயங்கார் என்று போட்டார்கள், சிலர் ஆச்சாரி அல்லது ஆச்சாரியார் என்று போட்டார்கள். ஒரு ‘ச்’ குறைந்தால் ஆள் மாறிவிடும் என்பது தமிழின் வேடிக்கை. ஆசாரி என்றால் மர வேலை, நகை வேலை செய்யும் கைவினைஞர். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். அப்பா ஐயங்கார், மகன் ஆச்சாரி. ஐரோப்பிய சர்நேம் இப்படி மாறாது. நம்முடைய பின்னொட்டு சர்நேம் மாதிரி தெரிந்தாலும், அது குடும்பத்தின் பெயர் இல்லை. சாதியின் அடையாளம், அதையும் மரியாதைக்காக ஒட்டவைத்தது. அடுத்த தலைமுறையில் என்ன ஆனது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஓசூரில் பள்ளிப் படிப்பு. பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி. 1894-ல் பி.ஏ. முடித்தபோது அவருக்கு 16 வயதுகூட நிறையவில்லை. சென்னையில் சட்டம் படித்து, 1900-ல் சேலத்தில் வக்கீலாக உட்கார்ந்தார். தொழில் நன்றாகவே ஓடியது. சேலம் நகராட்சி உறுப்பினர் ஆனார், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். இதற்கிடையில் மனைவி அலமேலு மங்கம்மாள் இறந்துபோனார். ராஜாஜிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919-ல் காந்தி சென்னை வந்தபோது அவரோடு நெருக்கம் ஏற்பட்டது. ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் வக்கீல் தொழிலை விட்டார். வேலூர் சிறைக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். தீண்டாமை பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து வாழ்வது, கதர் நெய்வது, கள்ளை ஒழிப்பது என்று அங்கே வேலை நடந்தது. நல்லான் கதையின் வாரிசு என்று சொல்ல வேண்டுமானால் இந்த ராஜாஜியைத்தான் சொல்ல வேண்டும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது அவருக்கு 51 வயது.

இந்தக் காலத்தில்தான் பெயர் சுருங்கியது. அகில இந்திய காங்கிரஸில் ராஜகோபாலாச்சாரி என்று முழுசாகச் சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு வளையும்? ஆங்கிலத்தில் சி.ஆர். ஆனார். வடக்கத்தி மரியாதைச் சொல்லான ‘ஜி’ ஒட்டிக்கொண்டு ராஜாஜி ஆனார். கவனித்துப் பார்த்தால், இந்தச் சுருக்கத்தில் சக்கரவர்த்தியும் போய்விட்டது, ஆச்சாரியும் போய்விட்டது. நாட்டின் பெரும்பகுதிக்கு சாதி தெரியாத ஒரு பெயரில்தான் அவர் அறிமுகமானார். தமிழ்நாட்டில் மட்டும் அப்படி நடக்கவில்லை.

செங்கல்பட்டில் விழுந்த வால்கள்

1929 பிப்ரவரி. செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு. தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை தி.நகரில் ஷாப்பிங் போகிற பாண்டி பஜார் இவர் பெயரில் வந்ததுதான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஈ.வெ. ராமசாமி நாயக்கர் அதற்குப் பிறகு ஈ.வெ. ராமசாமி, பெரியார். சௌந்தரபாண்டியன் நாடார் வெறும் சௌந்தரபாண்டியன்.

இதனுடைய பலனைத்தான் நாம் இன்றைக்கு பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அனுபவிக்கிறோம். வடக்கில் ஒருவர் சர்மா, யாதவ் என்று எழுதும் கட்டத்தில் நமக்கு எழுத ஒன்றும் இல்லை. சர்நேம் இல்லாத சமூகம் என்பது தானாக நடந்தது இல்லை. பலர் வேண்டுமென்றே வெட்டி எறிந்தார்கள். பெயரைக் கேட்டு சாதியைக் கண்டுபிடிப்பதைக் கஷ்டமாக்கினார்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று வருத்தப்படும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ராஜாஜியும் பெரியாரும் காங்கிரஸ் காலத்து நண்பர்கள். அரசியலில் எதிரெதிராக நின்ற பிறகும் அந்த நட்பு அறுந்துபோகவில்லை. ஒருவர் வாலை வெட்டினார். மற்றவர் வெட்டவில்லை.

ஆனால் வீட்டுக்குள் அவர் செய்தது வேறு. மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாசும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பிராமணப் பெண், வணிகர் சமூகத்துப் பையன். அந்தக் காலத்தில் சம்பிரதாயக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி கிடையாது. இரண்டு அப்பாக்களும் உடனே சரி என்று சொல்லவில்லை. ஐந்து வருஷம் பிரிந்து இருங்கள், அப்புறமும் மனசு மாறவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். மாறவில்லை. 1933 ஜூனில் புனேயில் கல்யாணம் நடந்தது.

பெயர்க் கதையில் இது ஒரு பெரிய திருப்பம். லட்சுமியின் பிள்ளைகளுக்கு வந்த சர்நேம் காந்தி. குஜராத்தியில் காந்தி என்றால் வாசனைப் பொருள், மளிகை விற்பவர். வாசனையைக் குறிக்கும் கந்தம் என்ற சொல்லிலிருந்து வந்தது. பேரரசன் என்று பொருள்படும் குடும்பப் பெயர் உள்ள வீட்டுப் பேரன்கள் மளிகைக்காரர் என்று பொருள்படும் சர்நேமோடு வளர்ந்தார்கள். அந்த மளிகைக்காரர் பெயர்தான் உலகத்துக்கே தெரியும் என்பது வேறு விஷயம். ராஜாஜி 1947-ல் மேற்கு வங்க ஆளுநராக இருந்த அதே கொல்கத்தா மாளிகையில், பேரன் கோபாலகிருஷ்ண காந்தி 2004 முதல் 2009 வரை ஆளுநராக இருந்தார்.

சேலம் ஜில்லாவில் முதல் மதுவிலக்கு

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்றைக்கு முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. தன் சொந்த ஜில்லாவில்தான் தொடங்கினார். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரியாத காலம், அதனால் ஓசூர், கிருஷ்ணகிரி, மத்தூர் எல்லாம் சேலத்துக்குள்தான் இருந்தன. வருமானம் குறைவதைச் சரிக்கட்ட விற்பனை வரி கொண்டுவந்தார். இன்றைக்கு நம்ம பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி.யின் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம். விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டம் 1938-ல் வந்தது.

1939 ஜூலையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு போனபோது, அவர்கள் மேல் வழக்கு வராமல் காப்பாற்றச் சட்டம் செய்ததும் ராஜாஜி அரசுதான்.

அதே அரசுதான் 1938-ல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. போராட்டம் வெடித்தது. நடராசனும் தாளமுத்துவும் சிறையில் இருந்தபோது உடல்நலம் கெட்டு இறந்தார்கள். ஜி போட்ட பெயர் தமிழ்நாட்டில் சிலருக்குக் கசக்க ஆரம்பித்தது இங்கிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் எதிரிகள் வாயில் அவர் ராஜாஜி இல்லை, ஆச்சாரியார். அந்தச் சொல்லை மரியாதையாகவும் சொல்லலாம், குத்தலாகவும் சொல்லலாம். சொல்கிறவரின் குரலில் இருக்கிறது.

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அவர் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர். பிறகு மத்திய உள்துறை அமைச்சர். டெல்லியில் எல்லாம் முடித்துவிட்டு, 1952-ல் மறுபடியும் சென்னைக்கு முதல்வராக வந்தார்.

அவரை வீழ்த்திய பெயர்

1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. கிராமப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, இரண்டு ஷிப்டாக நடத்துவது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வது. ஆசிரியர், கட்டடம் எல்லாம் பற்றாக்குறை, அதே செலவில் அதிகப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது ராஜாஜி தரப்பின் கணக்கு.

எதிர்த்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். குலக்கல்வித் திட்டம். ஒரே சொல்லில் திட்டம் முடிந்தது. யோசித்துப் பாருங்க: செருப்புத் தைப்பவரின் மகன் மத்தியானம் வீட்டுக்குப் போய் என்ன கற்றுக்கொள்வான்? துணி வெளுப்பவரின் மகள்? நேரத்தைக் குறைப்பதாகத் தெரிந்த திட்டம், பிறந்த இடத்திலேயே பிள்ளையைக் கட்டிப்போடுவதாக ஆகிவிடும். இதை வேறு யாராவது கொண்டுவந்திருந்தாலும் எதிர்ப்பு வந்திருக்கும். ஆனால் கொண்டுவந்தவரின் பெயர் ஆச்சாரியில் முடிந்தது. ஆசிரமத்தில் எல்லோரோடும் சேர்ந்து வாழ்ந்தது, கோயில் நுழைவு, மகள் கல்யாணம் எதுவும் அந்த நேரத்தில் அவருக்குத் துணைக்கு வரவில்லை. அது நியாயமா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் பார்வையில், திட்டம் தப்பு. திட்டம் தப்பாக இருந்ததால்தான் விகுதியும் சேர்ந்து சாட்சி சொன்னது.

திராவிடர் கழகம், தி.மு.க. மட்டும் இல்லை, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராஜர் முதல்வர் ஆனார். சில வாரங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. கு. காமராஜரின் ‘கு’ அவர் அப்பா குமாரசாமி. நாடார் என்ற ஒட்டும் காலப்போக்கில் உதிர்ந்து, எல்லோருக்கும் அவர் வெறும் காமராஜர்தான்.

அதே 1954-ல் முதல் தடவையாக பாரத ரத்னா கொடுத்தார்கள். மூன்று பேருக்கு. சி. ராஜகோபாலாச்சாரி, எஸ். ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவரும் தென்னிந்தியர்கள், மூவருக்கும் இனிஷியல், மூன்றுக்கும் வேறு வேறு விதி. ராஜாஜியின் ‘சி’ குடும்பப் பெயர். ராதாகிருஷ்ணனின் ‘எஸ்’, முன்னோர்களின் ஊரான சர்வபள்ளி. ராமனின் ‘சி’ அப்பா சந்திரசேகரன். ‘வி’ யாருடைய பெயரும் இல்லை, வெங்கடராமன் என்ற அவருடைய பெயரை இரண்டாக உடைத்ததில் வந்தது. இன்னொரு ‘சி’யும் உண்டு. சி.என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரத்தின் ஆங்கிலப் பெயரான காஞ்சீவரத்திலிருந்து வந்தது, ‘என்’ நடராசன். ஒரே எழுத்து, மூன்று பேருக்கு மூன்று அர்த்தம்.

சி.ஆர். நரசிம்மனும் உங்க பாஸ்போர்ட்டும்

1952 தேர்தலில் கிருஷ்ணகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர் சி.ஆர். நரசிம்மன். ராஜாஜியின் மகன். 1957-லும் அவரே. இந்த ‘சி.ஆர்.’-ஐப் பிரித்தால் ‘சி’ சக்கரவர்த்தி, ‘ஆர்’ அப்பா ராஜகோபாலாச்சாரி. மற்ற மகன்களும் சி.ஆர். கிருஷ்ணசாமி, சி.ஆர். ராமசாமி. யாருக்கும் பின்னால் ஐயங்காரும் இல்லை, ஆச்சாரியும் இல்லை. தாத்தா ஐயங்கார், அப்பா ஆச்சாரி, பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. மூன்று தலைமுறையில் வால் உதிர்ந்துவிட்டது, தலைப்பக்கம் இருந்த ‘சி’ மட்டும் மிச்சம்.

இப்போ நம்ம பிரச்சினைக்கு வருவோம். நம்மில் பெரும்பாலானவர்களிடம் அந்த மாதிரி நிரந்தரமான ‘சி’ இல்லை. அப்பா பெயர்தான் இருக்கிறது. அதை சர்நேம் கட்டத்தில் போட்டால் வேலை நடக்கும். காலியாக விட்டால் சில நாடுகளில் சிக்கல். அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் இருக்கிற ஒரே பெயரை சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போய் இறங்கியவரை ஆபீஸில் எஃப்னு என்று கூப்பிட்ட கதைகள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் வந்தது.

அப்பா பெயரை சர்நேமாகப் போட்டவர்களுக்கு அடுத்த தலைமுறையில் வேறு ஒரு வேடிக்கை. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு, அப்பாவின் சர்நேமையே கொடு என்பார்கள். அப்போது குழந்தையின் பின்னால் நிற்பது தாத்தா பெயர். பள்ளியில் டீச்சர் குழந்தையின் அப்பாவைத் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டு தலைமுறை தாண்டினால், முனுசாமி என்று ஒரு பெரியவர் எப்போதோ வாழ்ந்தார் என்பது மறந்துபோய், முனுசாமி என்பதே ஒரு குடும்பப் பெயர் ஆகிவிடும்.

இது கற்பனை இல்லை. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்கும் மொரீஷியஸுக்கும் போன தமிழர்களுக்கு இதுதான் நடந்தது. பதிவேட்டில் எழுதப்பட்ட அப்பா பெயரும் சாதிப் பட்டமும் அப்படியே உறைந்து சர்நேம் ஆகின. பிள்ளை, முதலியார் என்பவை ஆங்கில எழுத்தில் வளைந்து நெளிந்து பில்லே, மூட்லி என்று இன்றும் டர்பனில் இருக்கின்றன. இங்கே நாம் உதறியது, கடல் தாண்டிப் போனவர்களிடம் ஒட்டிக்கொண்டது.

கென்னடி, குருஷ்சேவ், காஸ்ட்ரோ

ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சி தொடங்கினார். அதைவிட அவர் மனதை அரித்தது அணுகுண்டு. 1962 செப்டம்பர் கடைசியில், 83 வயதில், காந்தி அமைதி அறக்கட்டளையின் குழுவோடு வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணு ஆயுதச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் அந்தப் பயணம். மூன்றே வாரத்தில், அக்டோபர் 16-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி தொடங்கியது. உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது.

பெயரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் ஒரு சின்ன விலகல். அந்த நெருக்கடியின் மூன்று பெயர்களுமே நம்ம விஷயம்தான். கென்னடி என்பது ஐரிஷ் குடும்பப் பெயர், இன்னாருடைய வழித்தோன்றல் என்று பொருள்படும் வடிவத்திலிருந்து வந்தது. சோவியத் தலைவர் குருஷ்சேவின் சர்நேம் ஒரு வகை வண்டின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய முழுப் பெயர் நிகிதா செர்கேயேவிச் குருஷ்சேவ். நடுவில் இருக்கும் செர்கேயேவிச் என்றால் செர்கேயின் மகன். நம்ம இனிஷியல் செய்கிற அதே வேலை.

கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவின் முழுப் பெயர் ஃபிடல் காஸ்ட்ரோ ருஸ். கியூபாவில் ஸ்பானிய வழக்கப்படி இரண்டு சர்நேம். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. கல்யாணம் ஆனாலும் பெண்கள் தங்கள் சர்நேமை மாற்றுவதில்லை. காஸ்ட்ரோ என்றால் கோட்டை. ஃபிடலின் அப்பா ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்தவர். ரொட்ரிகெஸ், பெரெஸ் என்று முடியும் பெயர்களில் அந்த ‘எஸ்’ என்பதற்கு மகன் என்று அர்த்தம். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகெஸ். ஒரு காலத்தில் இனிஷியலாக இருந்தது உறைந்துபோய் சர்நேம் ஆகிவிட்டது, நம்ம முனுசாமி மாதிரியே.

இதில் கசப்பான பக்கமும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. பலருக்கு முதலாளியின் சர்நேமே ஒட்டப்பட்டது. 1886-ல் அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கியூபாவில் ஒருவர் தன் சர்நேமைச் சொல்லும்போது அது முன்னோரின் பெயராகவும் இருக்கலாம், முன்னோரை விலைக்கு வாங்கியவரின் பெயராகவும் இருக்கலாம். அம்மா பெயரையும் சேர்க்கிற நல்ல வழக்கத்தைப் பார்த்து நாம் ஆசைப்படும்போது இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம்ம ஊரிலும் இப்போ அம்மா, அப்பா இரண்டு பேர் இனிஷியலையும் போடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அதற்கு கியூபா வரை போக வேண்டியதில்லை.

கடைசி வருஷங்கள்

எழுத்து அவரை விடவில்லை. கல்கி பத்திரிகையில் ராமாயணத்தைத் தமிழில் எழுதினார். அந்தப் புத்தகத்துக்குத்தான் 1958-ல் சாகித்ய அகாதமி விருது. தலைப்பு, சக்கரவர்த்தித் திருமகன். தசரதச் சக்கரவர்த்தியின் மகன் ராமனைத்தான் அது குறிக்கிறது. ஆனால் தொரப்பள்ளி சக்கரவர்த்தி வீட்டு மகன் அந்தத் தலைப்பை வைக்கும்போது உள்ளுக்குள் சிரித்திருக்க மாட்டாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1967-ல் தி.மு.க.வோடு கூட்டணி. 1938-ல் இந்தியைக் கொண்டுவந்தவர், 1960-களில் இந்தித் திணிப்பை எதிர்த்து அண்ணாவோடு நின்றார். காங்கிரஸ் தோற்றது, அண்ணா முதல்வர் ஆனார். கோட்டை விட்டுப்போன ‘சி’க்கும் காஞ்சீவரத்து ‘சி’க்கும் நடுவே நடந்த அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு காங்கிரஸ் இங்கே தனியாக ஆட்சிக்கு வரவே இல்லை.

1972 டிசம்பர் 25-ம் தேதி சென்னையில் ராஜாஜி காலமானார். 94 வயது. சுடுகாட்டுக்கு 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்தார். கடவுள், சாதி, மொழி, கல்வி என்று எல்லாவற்றிலும் நேர் எதிராக நின்றவர். நண்பரின் சிதைக்கு முன்னால் அவர் அழுதார். அடுத்த வருஷம் டிசம்பர் 24-ல் பெரியாரும் போய்ச் சேர்ந்தார்.